அறிமுகக் கையெழுத்து யார் போடுவார்? – வெளிநாட்டு மாணவரும் வங்கிக் கணக்கும்

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். நம்ம ஊர் வங்கியில் சேமிப்புக் கணக்கு தொடங்க ஒரு காலத்தில் பணமும் போட்டோவும் இருந்தால் போதாது. அதே கிளையில் ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கும் ஒருவர் விண்ணப்பத்தில் 'இன்ட்ரொடக்‌ஷன்' கையெழுத்து போட வேண்டும். தெரிந்த வாத்தியார், மளிகைக் கடைக்காரர், அப்பாவின் ஆபீஸ் நண்பர் என்று யாரையாவது பிடித்துவிடுவோம். பான் கார்டு, ஆதார் எல்லாம் வந்தபிறகு அந்தக் கையெழுத்துக்கு வேலை இல்லாமல் போனது.

சரி, யாரையுமே தெரியாத ஊரில் படிக்கப் போய் இறங்கிய ஒருவருக்கு அந்தக் கையெழுத்தை யார் போடுவார்? கொஞ்ச நாளாக இந்தக் கேள்வியைச் சுற்றிக் குறிப்புகள் எடுத்துக்கொண்டிருந்தேன். தோண்டத் தோண்ட, இது 850 வருடத்துக்கும் மேல் பழைய கேள்வி என்று தெரிந்தது. பதில்கள் காலத்துக்குக் காலம் மாறியிருக்கின்றன. ஒன்று மட்டும் மாறவே இல்லை. யார் உங்களுக்குப் பொறுப்பேற்கிறாரோ, அவருக்கு உங்களைக் கண்காணிக்கும் உரிமையும் கூடவே போய்ச் சேர்ந்துவிடுகிறது. எடுத்த குறிப்புகளைக் கால வரிசையில் அடுக்கித் தருகிறேன்.

ஊர்க்காரன் கடனுக்கு மாணவன் ஜாமீனா?

12ஆம் நூற்றாண்டு இத்தாலி. பொலோனியா நகரில் சட்டம் படிக்க ஐரோப்பா முழுவதிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அன்றைய இத்தாலிய நகரங்களில் ஒரு வழக்கம் இருந்தது. ஃப்ளோரன்ஸ் வணிகர் ஒருவர் பொலோனியாவில் கடன் வாங்கிவிட்டுத் திருப்பித் தராமல் போய்விட்டார் என்று வைத்துக்கொள்வோம். கடன் கொடுத்தவர், பொலோனியாவில் கையில் அகப்படுகிற வேறு எந்த ஃப்ளோரன்ஸ்காரரிடமிருந்தும் அந்தத் தொகையைப் பிடுங்கிக்கொள்ளலாம். 'உன் ஊர்க்காரன் ஏமாத்தினான், நீ கட்டு' என்பதுதான் தர்க்கம். நமக்கு அநியாயமாகத் தெரிகிறது. எல்லை தாண்டி வழக்குப் போட வழியில்லாத காலத்தில் அதுதான் கடன் வசூல் முறை.

வணிகர் சந்தை முடிந்ததும் கிளம்பிவிடுவார். மாணவர் அப்படி இல்லை. வருடக்கணக்கில் ஒரே ஊரில் இருப்பார், கையில் செலவுப் பணமும் விலையுயர்ந்த கையெழுத்துப் புத்தகங்களும் வைத்திருப்பார். வசூல்காரருக்கு இதைவிட வசதியான ஆள் கிடைக்குமா?

1158-ல் பேரரசர் முதலாம் ஃபிரெடரிக் (பார்பரோசா) வட இத்தாலியில் ரோன்காலியா என்ற இடத்தில் கூட்டிய அவையோடு சேர்த்துப் பேசப்படும் ஓர் ஆணை உண்டு. அதன் முதல் சொல்லை வைத்து 'ஹபிதா' என்பார்கள். படிப்புக்காக ஊர்விட்டு ஊர் வருபவர்கள் பாதுகாப்பாக வந்து போகலாம், தங்கலாம். அவர்களுடைய நாட்டுக்காரர் யாரோ வாங்கிய கடனுக்காக அவர்களிடம் கைவைக்கக் கூடாது. மீறிப் பிடுங்கினால் நாலு மடங்காகத் திருப்பித் தர வேண்டும். ஆணையை அமல்படுத்தாமல் விட்ட அதிகாரியின் பதவி போய்விடும். மாணவர்மீது வழக்கு என்றால், தன் ஆசிரியர் முன்னாலோ அந்நகர பிஷப் முன்னாலோ விசாரிக்கச் சொல்லும் உரிமை மாணவருக்கே உண்டு.

இந்த ஆணையைச் சட்ட அறிஞர்கள் எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த விவரம். ஜஸ்டீனியனின் சட்டத் தொகுப்பில், தகப்பன் கடனுக்கு மகனைப் பிடிக்கக் கூடாது, மகன் கடனுக்குத் தகப்பனைப் பிடிக்கக் கூடாது என்று ஒரு தலைப்பு இருக்கிறது. அங்கேதான் வைத்தார்கள். அதாவது கல்விச் சலுகையாக அல்ல, கடன் சட்டமாக. வெளியூர் மாணவரை அவருடைய நாட்டின் பிரதிநிதியாகப் பார்க்காமல் தனி மனிதராகப் பார் என்பதுதான் அதன் சாரம்.

மாணவர்களும் சும்மா இருக்கவில்லை. பொலோனியாவில் பிறந்த நாடு, பகுதி வாரியாகக் குழுக்களாகச் சேர்ந்தார்கள். அந்தக் குழுக்களின் கூட்டமைப்பைத்தான் 'உனிவெர்சிதாஸ்' என்றார்கள், இன்றைய 'யுனிவர்சிட்டி' என்ற சொல்லின் மூலம். உள்ளூர்க்காரர்கள் இதில் உறுப்பினர் கிடையாது. நகரக் குடிமக்கள் என்ற பாதுகாப்பு அவர்களுக்கு ஏற்கெனவே இருந்ததால் தேவைப்படவில்லை.

வீட்டிலிருந்து பணம் வருவதும் பெரிய பாடு. நாணய மூட்டையோடு பயணம் செய்வது ஆபத்து. இத்தாலிய வணிகர்கள் எழுதிக் கொடுக்கும் மாற்றுச் சீட்டுகள் பிற்பாடு கைகொடுத்தன. ஒரு ஊரில் பணம் கட்டி இன்னொரு ஊரில் வாங்கிக்கொள்வது, நம்ம உண்டியல் மாதிரிதான். அந்தக் காலத்துக் கடிதம் எழுதும் பயிற்சி நூல்களில், பெற்றோரிடம் பணம் கேட்கும் மாதிரிக் கடிதங்கள் தனி வகையாகவே இருக்கின்றன. மாதிரிக் கடிதம் போடும் அளவுக்குத் தேவை இருந்திருக்கிறது!

ஆக்ஸ்ஃபோர்டின் பணப்பெட்டி

அடுத்து ஆக்ஸ்ஃபோர்ட். இங்கே பொறுப்பேற்றது பேரரசரோ நாட்டுக்காரரோ இல்லை, பல்கலைக்கழகமே.

1209-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு பெண் கொல்லப்பட்டாள். அதற்காக நகரத்தார் மாணவர்கள் சிலரைத் தூக்கிலிட்டார்கள். பல்கலைக்கழகம் கலைந்து போனது, ஒரு பகுதியினர் கேம்பிரிட்ஜ் போனார்கள். 1214-ல் போப்பாண்டவரின் தூதர் செய்த சமரசத்தில் ஒரு நிபந்தனை, ஏழை மாணவர்களுக்காக நகரம் ஆண்டுதோறும் 52 ஷில்லிங் கட்ட வேண்டும் என்பது. 1240-ல் லிங்கன் பிஷப் ராபர்ட் குரோசடெஸ்ட், இந்தப் பணத்தை வைத்து ஒரு கடன் நிதியை ஏற்படுத்தினார். புனித ஃப்ரைட்ஸ்வைட் மடத்தில் ஒரு பெட்டியில் பணம் இருக்கும். மாணவர் அடமானம் வைத்து வட்டியில்லாமல் கடன் வாங்கலாம். பெரும்பாலும் அடமானம் புத்தகம்தான். குறித்த தவணைக்குள் மீட்காவிட்டால் விற்றுவிடுவார்கள்.

வட்டியில்லாக் கடன் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு கணக்கு. 1248-ல் மூன்றாம் ஹென்றி, ஆக்ஸ்ஃபோர்ட் மாணவர்களிடம் வாங்கும் வட்டிக்கு உச்சவரம்பு வைத்தார். பவுண்டுக்கு வாரம் 2 பென்ஸ். அன்று ஒரு பவுண்டுக்கு 240 பென்ஸ். அப்படியானால் வாரத்துக்கு 0.83 சதவீதம். 52 வாரத்துக்கு 43 சதவீதம், கூட்டு வட்டி சேர்க்காமலே. மாணவர்களைக் காப்பாற்ற அரசர் போட்ட வரம்பே இது! வரம்பு இல்லாதபோது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். கந்துவட்டிக்கும் இதற்கும் பெரிய தூரமில்லை.

ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் இதுபோன்ற பெட்டிகள் பிறகு நிறைய வந்தன. தெரிந்தவர் இல்லையா, பரவாயில்லை. உன் பொருளே உனக்கு ஜாமீன். இந்த யோசனையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இன்றைய ஜெர்மனியில் மறுபடி சந்திப்போம்.

நாலு கடிதங்களும் 60 ரூபாயும்

இப்போது ஒரே தாவலில் 19ஆம் நூற்றாண்டு. இந்தியாவிலிருந்து மாணவர்கள் லண்டனுக்குக் கப்பல் ஏறத் தொடங்கிவிட்டார்கள். பணத்தை அனுப்ப வங்கிகளும் கடன் கடிதங்களும் வந்துவிட்டன. பொறுப்பேற்பது மட்டும் இன்னமும் ஆட்கள்தான்.

1888 செப்டம்பரில் காந்தி பம்பாயிலிருந்து கிளம்பியதற்கு முந்தைய கதையைத் தன் சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார். கடல் தாண்டக் கூடாது என்று சாதிப் பஞ்சாயத்து அவரைத் தள்ளிவைத்தது. பயணத்துக்கான பணத்தை அண்ணன் ஓர் உறவினரிடம் கொடுத்து வைத்திருந்தார். போய்க் கேட்டால், சாதிக் கட்டுப்பாட்டை மீற முடியாது என்று கையை விரித்துவிட்டார் அவர். கடைசியில் குடும்ப நண்பர் ஒருவர், அண்ணனிடம் பிறகு வாங்கிக்கொள்வதாகச் சொல்லிக் கொடுத்தார். சமூகம் ஜாமீன் போட மறுத்தால் தன் குடும்பப் பணமே தன் கைக்கு வராது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

லண்டனில் அவர் கையில் இருந்தது நாலு பேருக்கான அறிமுகக் கடிதங்கள். டாக்டர் பி.ஜே. மேத்தா, தள்பத்ராம் சுக்லா, இளவரசர் ரஞ்சித்சிங்ஜி, தாதாபாய் நௌரோஜி. அறிமுகக் கையெழுத்து என்று நாம் சொன்னோமே, அதேதான்.

ராமானுஜன் கதை வேறு மாதிரி. அவருக்குப் பொறுப்பேற்றது மெட்ராஸ் பல்கலைக்கழகம். 1914-ல் கேம்பிரிட்ஜ் போனபோது ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகை. அதில் 50 பவுண்டு ஊரிலிருந்த குடும்பத்துக்குப் போகும் என்று ஹார்டி எழுதியிருக்கிறார். தமிழ்நாட்டு வாழ்க்கைக் குறிப்புகளில் கும்பகோணத்தில் அம்மாவுக்கு மாதம் 60 ரூபாய் என்று வரும். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று போட்டுப் பார்த்தேன். 60 ரூபாய் வீதம் 12 மாதத்துக்கு 720 ரூபாய். அன்றைய மாற்று விகிதம் ஒரு பவுண்டுக்கு 15 ரூபாய். ஆக 48 பவுண்டு. ஏறக்குறையப் பொருந்துகிறது. டிரினிட்டி கல்லூரி கொடுத்த 60 பவுண்டையும் சேர்த்தால் அவர் கைக்கு ஆண்டுக்கு 260 பவுண்டு. அவருடைய எளிய வாழ்க்கைக்கு இது தாராளம்.

பணம் வெளிநாட்டுக்குப் போவது மட்டுமே மாணவர் கணக்கு என்று நினைக்கிறோம். பல வீடுகளில் அது பாதிக் கதைதான். இங்கே ஒரு மாணவரின் உதவித்தொகையில் ஒரு குடும்பம் சாப்பிட்டது. 1919 ஜனவரியில், மறுபடி 250 பவுண்டு கொடுக்க முடிவானபோது, பெற்றோருக்கு 50 பவுண்டு கொடுத்துவிட்டுத் தன் அவசியச் செலவு போக மிஞ்சுவதை ஏழைப் பிள்ளைகள், அனாதைகளின் படிப்புச் செலவுக்குக் கொடுத்துவிடலாம் என்று ராமானுஜன் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். அப்போது அவர் உடம்பு மிகவும் மோசமாக இருந்தது.

இதே காலத்தில் லண்டனில் இன்னொரு ஏற்பாடும் நடந்தது. இந்திய மாணவர்களின் நிலைமையை ஆராய 1907-ல் லீ-வார்னர் தலைமையில் ஒரு குழு. அதன் தொடர்ச்சியாக 1909-ல் இந்தியா ஆபீஸின் கீழ் இந்திய மாணவர்களுக்கான தகவல் மையம். அதன் கல்வி ஆலோசகராக, அலிகாரிலும் லாகூரிலும் பாடம் நடத்திய டி.டபிள்யூ. ஆர்னால்ட் வந்தார். தங்க இடம் காட்டுவது, கல்லூரியில் சேர்த்துவிடுவது, நன்னடத்தைக்குச் சாட்சி சொல்வது என்று உதவிகள் கிடைத்தன. அந்த வருடம் ஜூலையில் கர்சன் வைலியை மதன்லால் திங்க்ரா சுட்டுக் கொன்ற பின்னணியில், இந்திய மாணவர்கள் பலர் இதை உதவியாகப் பார்க்கவில்லை, உளவு வேலையாகத்தான் பார்த்தார்கள். ஆரம்பத்தில் சொன்னேனே, சாட்சி சொல்பவரே காவலாளியும் ஆகிவிடுகிறார்.

பொறுப்பு அரசாங்கத்தின் கைக்கு

இரண்டாம் உலகப்போர் தொடங்கியதும் 1939 செப்டம்பரில் இந்தியாவில் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு வந்தது. 1947-ல் அது தனிச் சட்டமானது, 1973-ல் இன்னும் கடுமையான 'ஃபெரா'. இனி ஜாமீன் கையெழுத்து போடுவது ரிசர்வ் வங்கி. அனுமதிக்கப்பட்ட தொகைக்கு மேல் ஒரு டாலர் கூட வாங்க முடியாது. 60களில், 70களில் அமெரிக்கா போன நம்மவர்களின் கதைகளில் '8 டாலரோடு வந்து இறங்கினேன்' என்பது திரும்பத் திரும்ப வரும். மிகைப்படுத்தல் இல்லை, சட்டப்படி கையில் கொண்டுபோகக் கிடைத்ததே அவ்வளவுதான். அப்படி இறங்கியவருக்கு முதல் உதவித்தொகை செக் வந்தபிறகுதான் வங்கிக் கணக்குக்கே தேவை வந்திருக்கும்.

2000 ஜூனில் 'ஃபெமா' நடைமுறைக்கு வந்து கதவு திறந்தது. 2004-ல் ஒருவர் ஆண்டுக்கு 25,000 டாலர் வரை அனுப்பலாம் என்றார்கள். 2015-லிருந்து 2,50,000 டாலர்.

இதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. படிக்க வெளிநாடு போகிறவரைச் செலாவணிச் சட்டத்தின் கண்ணில் வெளிநாடு வாழ் இந்தியராகவே கொள்ள வேண்டும் என்று 2003 டிசம்பரில் ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. அதனால் இங்கே இருக்கும் சாதாரண சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றிவிட வேண்டும். 'படிக்கத்தானே போறான், ரெண்டு வருஷத்துல வந்துடுவான்' என்று அப்படியே விட்டுவிடுகிற வீடுகள் நிறைய.

காகிதமே ஜாமீன்

2001 செப்டம்பருக்குப் பிறகு உலகம் முழுக்க வங்கிகள் ஆளை விட்டுவிட்டுக் காகிதத்தைக் கேட்கத் தொடங்கின.

அமெரிக்காவில் பேட்ரியட் சட்டத்தின் 326ஆம் பிரிவு. அதன் விதிகள் 2003 அக்டோபர் 1 முதல் கட்டாயமாயின. பெயர், பிறந்த தேதி, முகவரி, ஓர் அடையாள எண், இந்த நாலும் இல்லாமல் கணக்கு இல்லை. அந்த எண் சோஷியல் செக்யூரிட்டி எண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று விதியில் இல்லை. வெளிநாட்டவருக்குப் பாஸ்போர்ட் எண்ணும் அதைக் கொடுத்த நாட்டின் பெயரும் போதும். வேலை இல்லாத மாணவருக்கு சோஷியல் செக்யூரிட்டி எண்ணே பொதுவாகக் கிடைக்காது. இருந்தாலும் கவுன்ட்டரில் அந்த எண்ணைக் கேட்டுத் திருப்பி அனுப்புவது நடக்கிறது. சட்டம் அனுமதிப்பது ஒன்று, அந்த வங்கி தன் வசதிக்கு வைத்திருக்கும் கொள்கை இன்னொன்று. இது தெரிந்தால் அடுத்த வங்கிக்குப் போகலாம் என்ற தெளிவு வரும்.

பிரிட்டனில் சிக்கல் முகவரிச் சான்று. புதிதாக வந்தவரிடம் கரண்ட் பில் ஏது? அதனால் கல்வி நிறுவனம் கொடுக்கும் கடிதத்தை வங்கிகள் ஏற்கின்றன. 1888-ல் காந்தி பையில் வைத்திருந்த அறிமுகக் கடிதம், பல்கலைக்கழக லெட்டர்ஹெட்டில் திரும்பி வந்திருக்கிறது. கூடவே காவல் வேலையும் வந்தது. 2014 குடியேற்றச் சட்டப்படி, நடப்புக் கணக்கு கேட்பவர் நாட்டில் தங்கத் தகுதியில்லாதவரா என்று வங்கியே சரிபார்க்க வேண்டும்.

ஜெர்மனி இன்னும் சுவாரசியம். அங்கே போய் இறங்கிய மாணவருக்கு வீட்டுக்காரர் வாடகை ஒப்பந்தத்துக்கு வங்கிக் கணக்கு கேட்பார். வங்கி முகவரிப் பதிவுச் சான்று கேட்கும். முகவரிப் பதிவுக்கு வீடு வேண்டும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும்! எங்கள் தொழிலில் இதை 'டெட்லாக்' என்போம். ஏதாவது ஒரு பக்கம் இறங்கி வந்தால்தான் அவிழும். தற்காலிக முகவரியிலேயே பதிவு செய்வது, பாஸ்போர்ட்டை மட்டும் வைத்துக் கணக்கு தரும் வங்கியைத் தேடுவது என்று மாணவர்கள் அவிழ்த்துக்கொள்கிறார்கள்.

விசா வாங்குவதற்கு முன்பே 'ஷ்பெர்கோண்டோ' என்ற முடக்கக் கணக்கு வேறு பலருக்குத் தேவைப்படும். ஒரு வருடச் செலவை முன்கூட்டியே போட்டுவிட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் 11,904 யூரோ. போனபிறகு மாதம் 992 யூரோவுக்கு மேல் எடுக்க முடியாது. ஜெர்மன் மாணவர்களுக்கு அரசு கொடுக்கும் கல்வி உதவியின் உச்சத் தொகையை அடிப்படையாக வைத்து இந்த எண் வருகிறது. ஆக்ஸ்ஃபோர்ட் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்த மாதிரி இருக்கிறது இது. அங்கே புத்தகத்தை அடமானம் வைத்துப் பணம் வாங்கினார்கள், இங்கே பணத்தையே அடமானம் வைத்துப் படிக்கும் அனுமதி வாங்குகிறார்கள். குரோசடெஸ்டின் பெட்டி பணமில்லாதவருக்காக இருந்தது. இது பணமிருப்பவரை மட்டும் உள்ளே விடுகிறது.

கணக்கு திறந்தபிறகும் ஜாமீன் விஷயம் தீராது, இப்போது திசை மாறி வரும். 'உன் கணக்குல கொஞ்சம் பணம் போடுறேன், வேற இடத்துக்கு மாத்திவிடு, கமிஷன் தர்றேன்' என்று மாணவர்களைத் தேடி வருகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் மோசடிப் பணம். பிரிட்டனில் இப்படிச் சிக்கினால் கணக்கை மூடுவதோடு, மோசடித் தரவுத்தளத்தில் ஆறு வருடம் வரை பெயர் இருக்கும். போன் ஒப்பந்தமும் வேறு கணக்கும் கிடைப்பது கடினமாகிவிடும். முகம் தெரியாத ஒருவருக்கு நீங்கள் போடும் அறிமுகக் கையெழுத்து அது.

ஹபிதா இன்று எங்கே?

மறுபடி 1158-க்கு வருகிறேன். நாட்டுக்காரன் கடனுக்கு மாணவனைப் பிடிக்காதே என்ற அந்தக் கொள்கை இன்று உயிரோடு இருக்கிறதா?

ஒரு பக்கம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2014-ல் போட்ட கட்டணக் கணக்கு நெறிமுறைப்படி, ஒன்றியத்துக்குள் சட்டப்படி வசிக்கும் யாருக்கும் அடிப்படைக் கணக்கு பெறும் உரிமை உண்டு. எந்த நாட்டுக்காரர் என்று பார்த்து ஒதுக்கக் கூடாது. ஜெர்மனியில் இது 2016 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. 850 வருடம் கழித்து ஹபிதாவின் பேரன் பிறந்திருக்கிறான்.

இன்னொரு பக்கம், அமெரிக்காவில் படிக்கும் ஈரானிய மாணவர்களைப் பாருங்கள். தடைச் சட்டப்படி ஈரானில் வசிப்பவருக்கு அமெரிக்க வங்கி கணக்கு நடத்தக் கூடாது. விசாவோடு அமெரிக்காவில் வசிக்கும் மாணவருக்கு அந்தத் தடை இல்லை. ஆனாலும் 'நீ இங்கேதான் வசிக்கிறாயா?' என்று வங்கிகள் அவ்வப்போது ஆதாரம் கேட்கின்றன. சரியான நேரத்தில் காகிதம் போகாவிட்டால் கணக்கு முடங்கிய சம்பவங்கள் செய்திகளில் வந்திருக்கின்றன. வீட்டிலிருந்து நேரடியாகப் பணம் அனுப்ப வழியில்லை, மூன்றாம் நாடு ஒன்றைச் சுற்றித்தான் வர வேண்டும். இரண்டு அரசாங்கங்களின் பழைய கணக்கு வழக்குக்கு ஒரு மாணவரின் மாத வாடகை பதில் சொல்கிறது. பொலோனியாவில் ஃப்ளோரன்ஸ் மாணவருக்கு நடந்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்துப் பார்த்தேன். பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை.

ஒரு வித்தியாசம் உண்டு, சுமை யார் தோளில் என்பதில். 1158-ல் தவறாகக் கைவைத்தவர் நாலு மடங்கு கட்ட வேண்டும், கண்டுகொள்ளாத அதிகாரி பதவி இழப்பார். இன்று தவறாக முடக்கிய வங்கி மன்னிப்புக் கடிதம் அனுப்பினாலே பெரிது. 'நான் அவன் இல்லை' என்று நிரூபிக்கும் வேலை மாணவருடையது. பணச் சலவையைத் தடுக்க விதிகள் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் தப்பாகத் தட்டப்படும் கதவுக்கு யார் பொறுப்பு என்று அந்த விதிகளில் ஒரு வரி இருக்க வேண்டாமா? பார்பரோசாவின் ஆட்களுக்கு அது தோன்றியிருக்கிறது.